மூணாம் தரம்

ஏப்ரல் பதிமூன்று. நெப்ராஸ்காவில்
நேற்றும் பனி பெய்தது.
வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு
லீலண்ட் வோண்ட்ரா வருகிறார்,
சோள விதை வந்த காலிப் பையில்
ஒரு வருடத்து ரசீதுகளோடு.

ஏலக்காரர். நாற்பது வருடமாக
அடுத்தவர் டிராக்டரை, அடுத்தவர் மாட்டை
மூச்சு விடாமல் விற்றவர்.
என் மேசையிலும் அதே வேகம்தான்.

"தேன், பதினோரு ஜாடி. தொண்டைக்கு.
தொண்டைதானே எனக்குக் கடை?"
பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்,
பேனாவுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

"தொப்பி."
ஏலத்துக்கு மட்டுமா போடுகிறீர்?
"தூங்கும்போது கழற்றுவேன்."
அடித்தேன்.

"பல்செட்."
நிமிர்ந்து பார்த்தேன்.
"பல்லில்லாமல் நீ சொல்லிப் பாரேன், மார்லிஸ்,
முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று!"
என் சொந்தப் பல்லோடு சொல்லிப் பார்த்தேன்.
பாதியில் நாக்கு சறுக்கியது.
இருந்தாலும் அடித்தேன்.

அலாஸ்காவுக்குக் கப்பல் பயணம், ஒன்பது நாள்.
"கப்பலில் படங்களை ஏலம் விடுகிறார்கள்.
போட்டிக்காரனை வேவு பார்க்கப் போனேன்."
பார்த்தீரா?
"வயிற்றைப் பிரட்டியது. அறையிலேயே கிடந்தேன்."
மருத்துவச் செலவில் போடலாமா என்று கேட்கிறார்.
சிரித்துவிட்டேன். அவரும்.
அதற்குள் என் காபி ஆறியிருந்தது.

பையின் அடியில் ஒரு குறிப்பேடு.
வண்டி ஓடிய மைல் கணக்கு.
ஒன்றுவிட்ட ஞாயிறுகள்,
ஓகலாலா, போக வர நூற்றுப் பன்னிரண்டு.
நோக்கம்: வாடிக்கையாளர் சந்திப்பு.
இருபத்தாறு வரி, ஒன்றிலும் அடித்தல் திருத்தல் இல்லை.
இத்தனை வருடத்தில் இவர் ஒழுங்காக வைத்த
ஒரே கணக்கு.

யார் வாடிக்கையாளர்?
"கோரின்."
மகளா?
"வீட்டில் சாமான் இருக்கிறது. என்றைக்காவது விற்பாள்."
இதுவரை என்ன விற்றாள்?

அவர் வேகம் அங்கே நின்றது.

"கதவைத் திறக்க மாட்டாள்.
அரை மணி நேரம் வண்டியில் இருப்பேன்.
நவம்பரில் ஒரு தடவை திரைச்சீலை அசைந்தது.
காற்றில்லாத நாள்."

எல்லாருக்கும் ஒப்பிக்கிற விதியை
இவருக்கும் ஒப்பித்தேன்:
வருடக்கணக்கில் லாபமே காட்டாததை
வரி அலுவலகம் தொழில் என்று ஏற்காது, லீலண்ட்.
பொழுதுபோக்கு என்று எழுதிவிடும்.

"பொழுதுபோக்கா," என்றார்.

வெளியே பனி வாரும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
அது திருப்பம் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, யாரும் கேட்காமலே:

"அவள் அம்மாவின் பியானோ.
அடக்கம் முடிந்து மூணு வாரம்.
கோரின் கூட்டத்தில்தான் நின்றாள். கையைத் தூக்கினாள்.
ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன்.
கியர்னியிலிருந்து வந்த ஒருத்தன்
ஐம்பது டாலர் கூடுதலாகக் கேட்டான்.
அவள் கை இன்னும் மேலேதான் இருந்தது."

பார்க்கவில்லையா?

"பார்த்தேன்.
வாய் ஓடிக்கொண்டிருந்தது, மார்லிஸ்.
ஓடுகிற வாய் அது."

இருபத்தாறு வரியையும் அடித்தேன்.
ஒவ்வொன்றாக. ஒரே கோடாக இழுக்க
ஏனோ கை வரவில்லை.
அவர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்,
விலை ஏறாதா என்று பார்ப்பதுபோல.

தேனை மட்டும் விட்டுவைத்தேன். பேனாவால்.
கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

என் கட்டணத்தை எண்ணி வைத்தார்.
"இதையாவது கழிக்கலாமா?"
கழிக்கலாம், அடுத்த வருடம்.
"அடுத்த வருடம்," என்று தொப்பியைச் சரி செய்தார்.
குறிப்பேட்டைப் பையில் போடவில்லை,
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
கண்ணாடிப் பனியை முழங்கையால் துடைத்தார்.
அவர் வீடு கிழக்கே.
வண்டி மேற்கே திரும்பியது.

இன்று செவ்வாய்க்கிழமை.